கார் கண்ணாடியில் படியும் ஈரம்: உள்ளேயா, வெளியேயா?

மார்கழி பிறந்துவிட்டால் பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் பக்கம் காலையில் கார் எடுக்கிறவர்களுக்கு ஒரு வேலை கூடிவிடும். இரவில் மழை பெய்திருக்காது. தெரு காய்ந்து கிடக்கும். வாசலில் நிறுத்திய காரின் கூரையிலிருந்து மட்டும் தண்ணீர் வழியும், முன் கண்ணாடி வெள்ளை வெளேரென்று இருக்கும். பக்கத்து வீட்டுப் போர்ட்டிகோவில் நிற்கும் காரில் பொட்டு ஈரம் இருக்காது.

ஓடும் வண்டியில் வேறொரு குழப்பம். விடியற்காலையில் ஏசி போட்டுக்கொண்டு திருச்செந்தூருக்குப் போகும்போது கண்ணாடி மங்குகிறது. உள்ளேயிருந்து துணியால் எவ்வளவு துடைத்தாலும் போவதில்லை. குற்றாலத்தில் குளித்துவிட்டு ஏறினாலோ துடைத்ததும் போகிறது, ஒரே நிமிடத்தில் திரும்ப வந்துவிடுகிறது.

இதற்கு வழி கேட்டால் ஒருவர் ஏசியைக் கூட்டச் சொல்கிறார், இன்னொருவர் நிறுத்தச் சொல்கிறார், யூடியூபில் யாரோ ஹீட்டரைப் போடச் சொல்கிறார். மூன்றுமே சரியாக வரும் நேரங்கள் உண்டு. ஈரம் கண்ணாடியின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்காமல் சொல்லும்போதுதான் மூன்றும் தப்பாகிவிடுகின்றன. உள்பக்க ஈரத்துக்கும் வெளிப்பக்க ஈரத்துக்கும் அடிப்படை ஒன்று. செய்ய வேண்டிய வேலை நேர் எதிர்.

காற்றில் இருக்கும் தண்ணீர்

எந்தக் காற்றிலும் நீராவி கலந்திருக்கும். அது கண்ணுக்குத் தெரியாது. எவ்வளவு கலந்திருக்கலாம் என்பதற்கு ஒரு மேல்வரம்பு உண்டு, அந்த வரம்பு வெப்பநிலையைப் பொறுத்து மாறும். ஒரு கன மீட்டர் காற்றில் அதிகபட்சமாக இருக்கக்கூடிய நீராவி:

- 10 டிகிரி செல்சியஸில் சுமார் 9.4 கிராம்
- 20 டிகிரியில் சுமார் 17.3 கிராம்
- 30 டிகிரியில் சுமார் 30.4 கிராம்

பத்து டிகிரி ஏறினால் வரம்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அதே போல, வெதுவெதுப்பான காற்று குளிர்ந்தால் வரம்பு மளமளவென்று சுருங்கிவிடும். இந்த வரம்பைத் தொட்ட நிலைக்குப் பூரித நிலை என்று பெயர். இதை வைத்து இரண்டு சொற்களைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் சுலபம்.

1. ஒப்பு ஈரப்பதம்: வரம்பில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்ற கணக்கு. வானிலை அறிக்கையில் 'ஈரப்பதம் 75 சதவீதம்' என்று வருவது இதுதான். காற்றில் உள்ள தண்ணீர் கூடாமலே, வெப்பம் குறைந்தால் இந்தச் சதவீதம் ஏறும்.

2. பனிப்புள்ளி: இப்போது காற்றில் இருக்கும் நீராவி, எந்த வெப்பநிலைக்கு இறங்கினால் நூறு சதவீதம் ஆகுமோ அந்த வெப்பநிலை. அதற்கும் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் நீராவி தண்ணீராக மாறி ஒட்டிக்கொள்ளும். பள்ளிப் பாடத்தில் நீர் சுருங்குதல் என்று படித்தது இதைத்தான்.

ஐஸ் போட்ட நன்னாரி சர்பத் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பது எல்லாரும் பார்த்ததுதான். சர்பத் கசிந்து வருவதில்லை. சுற்றியிருக்கும் காற்றிலிருந்து வரும் தண்ணீர் அது. காரிலும் அதே வேலைதான் நடக்கிறது. ஐஸ் இல்லாமல் கார் எப்படிக் குளிர்கிறது என்பதுதான் கேள்வி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மார்கழி மாலை, வெப்பம் 27 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 19 கிராம் நீராவி இருக்கும், பனிப்புள்ளி ஏறத்தாழ 22 டிகிரி. இப்போது சித்திரைக் கத்திரியில் ஒரு மத்தியானத்தை எடுத்துக்கொள்வோம்: 38 டிகிரி, ஈரப்பதம் 35 சதவீதம். நீராவி சுமார் 16 கிராம், பனிப்புள்ளி 20 டிகிரிக்குப் பக்கத்தில். உதடு வெடிக்கும் வெயிலில்கூட, காற்றில் இருக்கும் தண்ணீர் மார்கழி மாலையைவிட அப்படியொன்றும் குறைந்துவிடவில்லை. ஆனால் சுடும் கண்ணாடி 20 டிகிரிக்கு இறங்க வழியே இல்லை, அதனால் ஈரமும் இல்லை. ஆக, காற்றின் ஈரத்தை மட்டும் பார்த்தால் போதாது. கண்ணாடி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

நிறுத்திய கார் காற்றைவிடக் குளிர்வது எப்படி

'திறந்த வெளியில் நின்றதால் பனி மேலே விழுந்துவிட்டது' என்பது பொதுவான எண்ணம். உலகம் முழுக்கவே நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தார்கள். லண்டனில் மருத்துவராக இருந்த வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்பவர் இதைச் சோதித்துப் பார்க்க இரவு இரவாகத் தோட்டத்தில் கம்பளிப் பஞ்சை வைத்து, காலையில் எடை போட்டார். சுட்ட மண்ணால் ஆன, மேலே திறந்த குழாய் ஒன்றை நட்டு, அதன் அடியிலும் பஞ்சை வைத்தார். பனி மழைபோல மேலிருந்து விழுவதானால் குழாய்க்குள் இருக்கும் பஞ்சும் வெளியே கிடக்கும் பஞ்சும் ஒரே அளவு நனைய வேண்டும். வெளியே கிடந்தது பல மடங்கு அதிகமாக நனைந்திருந்தது. பஞ்சுக்கு எவ்வளவு வானம் தெரிகிறதோ அவ்வளவு ஈரம். 1814-ல் அவர் இதை வெளியிட்டார். லண்டன் ராயல் சொசைட்டி அவருக்கு ரம்ஃபோர்டு பதக்கம் கொடுத்தது. அதன் பிறகும் 'பனி விழுந்துவிட்டது' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம், பேச்சுக்கு அது போதும்.

வானம் தெரிவதற்கும் ஈரத்துக்கும் என்ன தொடர்பு? எல்லாப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை எப்போதும் வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். நம் ஊர் இரவு வெப்பத்தில், ஒரு சதுர மீட்டர் கார் கூரை விடுவது சுமார் 450 வாட். சுவரும் மரமும் போர்ட்டிகோ கூரையும் ஏறக்குறைய அதே அளவைத் திருப்பித் தந்துவிடும், வரவும் செலவும் சரியாகிவிடும். தெளிந்த வானம் அப்படித் தராது. 8 முதல் 13 மைக்ரோமீட்டர் வரை அலைநீளமுள்ள கதிர்களைக் காற்று மண்டலம் பெரும்பாலும் தடுப்பதில்லை; அவை நேராக விண்வெளிக்குப் போய்விடும். கார் கொடுத்துக்கொண்டே இருக்கிறது, திரும்ப வருவது குறைவு. கூரை சுற்றியுள்ள காற்றைவிட இரண்டு மூன்று டிகிரி, நல்ல தெளிந்த இரவில் அதற்கும் மேலே குளிர்ந்துவிடும்.

கார் கூரைத் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. சேமித்து வைத்த வெப்பம் கொஞ்சம் என்பதால் சீக்கிரம் குளிரும். பக்கத்திலேயே இருக்கும் சிமென்ட் தரை பகல் வெயிலை உள்ளே தேக்கி வைத்திருக்கும், அதனால் காய்ந்தே கிடக்கும். தெரு காய்ந்து, கார் மட்டும் நனைவதன் ரகசியம் இவ்வளவுதான்.

இதை ஒரு காலைப் பொழுதில் காரைச் சுற்றி வந்தாலே பார்த்துவிடலாம்.

1. கூரை, பானெட், சாய்ந்த முன் கண்ணாடி மூன்றும் வானத்தைப் பார்த்திருப்பவை. அவைதான் அதிகம் நனைந்திருக்கும். செங்குத்தான பக்கக் கண்ணாடிகளில் ஈரம் குறைவு.

2. காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நிறுத்தியிருந்தால் சுவர்ப் பக்கத்துக் கதவுக் கண்ணாடி தெளிவாகவும், தெருப் பக்கத்துக் கண்ணாடி மங்கியும் இருக்கும். வேப்பமரக் கிளைக்கு அடியில் பாதி கார் நின்றால் அந்தப் பாதி காய்ந்திருக்கும்.

3. பானெட்டை உற்றுப் பாருங்கள். தண்ணீர்த் துளிகளுக்கு நடுவே பட்டை பட்டையாகக் காய்ந்த கோடுகள் தெரியும். தகட்டுக்கு அடியில் உறுதிக்காக ஒட்டிய இரும்புச் சட்டங்களின் அச்சு அது. அந்த இடத்தில் உலோகம் கனமாக இருப்பதால் வெப்பம் கொஞ்சம் நேரம் தங்கி, பனி பிந்திப் படிகிறது. விடியும் வரை விட்டால் கோடுகள் மறைந்தும் போகலாம்.

4. இரவு பதினொன்றுக்கு வந்து நிறுத்திய வண்டியின் பானெட், என்ஜின் சூட்டில் வெகுநேரம் நனையாது.

கறுப்புக் கார் அதிகம் நனையும், வெள்ளைக் கார் குறைவு என்று ஒரு பேச்சு உண்டு. பகல் வெயிலில் நிறம் முக்கியம், இரவில் கிடையாது. அகச்சிவப்பில் பெயின்ட் எல்லாம் ஒரே மாதிரிதான். கறுப்பில் துளி எடுப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

ஓர் இரவில் படியும் பனி, தடிமனில் அரை மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. ஆனால் 0.2 மில்லிமீட்டர் என்றாலே, இரண்டு சதுர மீட்டர் கூரையில் 400 மில்லி தண்ணீர். ஒரு சொம்பு அளவு வழிந்தால் மழை பெய்ததா என்று சந்தேகம் வரத்தான் செய்யும்.

நம் பக்கத்தில் எப்போது அதிகம்

பனி படிய நான்கு விஷயம் கூடி வர வேண்டும்: காற்றில் ஈரம், தெளிந்த வானம், அசையாத காற்று, நீண்ட இரவு. திருநெல்வேலிச் சீமையில் இந்த நான்கும் சேருவது மார்கழி, தை மாதங்களில். வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் மண்ணை நனைத்துவிட்டுப் போயிருக்கும். குளங்கள் நிரம்பி நிற்கும். தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் பிசானப் பருவத்து நெல் நடவு முடிந்து, வயல் எல்லாம் தண்ணீர் கட்டி நிற்கும். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி வழியில் வயலை ஒட்டியிருக்கும் வீட்டுக் கார்கள் ஊர் நடுவில் இருப்பவற்றைவிட அதிகம் நனைவதில் ஆச்சரியம் இல்லை.

ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் ஈரம் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆனால் வானம் மூடியிருக்கும். மேகம் கீழிருந்து போகும் வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்பிவிடுவதால் கார் குளிராது. கார் காலையில் சொட்டச் சொட்ட நனைந்திருந்தால், முந்தின இரவு வானம் தெளிவாக இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆடியில் கதை வேறு. செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும். குளிர ஆரம்பிக்கும் தகட்டை வெதுவெதுப்பான காற்று தொடர்ந்து தொட்டுச் சூடேற்றிக்கொண்டே இருக்கும். காற்றாலைகள் சுற்றும் ஊரில் அந்த மாதங்களில் பனித் தொல்லை கிடையாது.

கடற்கரை தனி. உவரி, கூடங்குளம், மணப்பாடு பக்கம் நிறுத்திய காரில் உப்புத் துகள்கள் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். சாதாரண உப்பு, ஒப்பு ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினாலே தானாகத் தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். பனிப்புள்ளி வரை குளிர வேண்டிய அவசியமே இல்லை. அதனால் கடற்கரையில் மேகம் மூடிய இரவிலும் கண்ணாடி பிசுபிசுக்கும். இந்த ஈரம் கண்ணாடியைவிடத் தகட்டுக்குத்தான் ஆபத்து: உப்பும் தண்ணீரும் சேர்ந்து கதவின் அடி விளிம்பு, சக்கர வளைவு இவற்றில் துருப்பிடிக்க வைக்கும். கடலோரம் இருப்பவர்கள் வாரம் ஒரு முறையாவது நல்ல தண்ணீரில் கழுவுவது வீண் வேலை இல்லை.

ஓடும் காரில்: இரண்டு பக்கம், இரண்டு கதை

இனி கண்ணாடிக்கு இருபுறமும் வேறு வேறு காற்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு பனிப்புள்ளி. நடுவில் இருக்கும் கண்ணாடி எந்தக் காற்றின் பனிப்புள்ளிக்குக் கீழே இறங்குகிறதோ அந்தப் பக்கம் மங்கும். மூன்று பயணங்களை எடுத்துக்கொண்டால் விளங்கும்.

1. விடியற்காலை, ஏசி போட்ட கார். வெளியே 25 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் பனிப்புள்ளி 23 டிகிரிக்குச் சற்று மேலே. வென்டிலிருந்து வரும் ஏசிக் காற்று 10 டிகிரிக்குப் பக்கத்தில். அது நேராகப் பட்டால் முன் கண்ணாடி 20 டிகிரிக்கு இறங்கிவிடும். வெளிக்காற்று கண்ணாடியைத் தொட்டதும் வெளிப்பக்கம் மங்குகிறது. உள்ளேயிருந்து துடைத்து என்ன பயன்? சென்னையிலிருந்து வரும் ஏசி பஸ்ஸில் கயத்தாறு தாண்டி விழித்துக்கொண்டு, எந்த ஊர் என்று பார்க்க உள்கண்ணாடியைக் கைத்துண்டால் தேய்க்கிறவர்களின் நிலைமையும் இதுதான்.

2. குற்றாலச் சாரல். வெளியே 25 டிகிரி, 90 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். தூறல் பட்டுக் கண்ணாடியும் 25 டிகிரியில் இருக்கிறது. காருக்குள் உள்ள காற்று சுமார் 3 கன மீட்டர். கண்ணாடி மங்காமல் இருக்க அதில் 69 கிராம் வரை நீராவி இருக்கலாம். ஆனால் கதவைத் திறந்து ஏறும்போதே வெளிக்காற்றோடு 62 கிராம் உள்ளே வந்துவிட்டது. மிச்சம் 7 கிராம்தான். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மூச்சிலும் தோலிலுமாக மணிக்குச் சுமார் 40 கிராம் நீராவி விடுகிறார். ஐந்து பேர் என்றால் மணிக்கு 200 கிராம், நிமிடத்துக்கு மூன்று கிராமுக்கு மேல். கண்ணாடியை ஏற்றி இரண்டு நிமிடத்தில் கணக்குத் தீர்ந்தது. ஈரத் தலை, பிழிந்தும் பிழியாமலும் பையில் திணித்த துண்டு, காலடியில் தண்ணீர் இதெல்லாம் தனி. உள்பக்கம் மங்காமல் எப்படி இருக்கும்?

3. மாஞ்சோலை மலைப்பாதை. மணிமுத்தாறு அடிவாரத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் பொதுவாக ஆறு டிகிரிக்கு மேல் குறையும். மேலே போகப் போகக் கண்ணாடியை வெளிக்குளிர் தாக்கும், ஏசியை நிறுத்திக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டிருப்பார்கள்; உள்பக்கம் மங்கும். திரும்பி இறங்கி, அடிவாரத்தில் புழுக்கம் தாங்காமல் ஏசியை முழு வேகத்தில் வைத்தால் இப்போது வெளிப்பக்கம் மங்கும். ஒரே நாள், ஒரே கார்.

எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க விரல் போதும். உள்ளேயிருந்து கண்ணாடியைத் தொட்டு இழுங்கள். கோடு விழுந்தால் உள்பக்கம், விழாவிட்டால் வெளிப்பக்கம். வைப்பரை ஒரு தடவை போட்டாலும் தெரிந்துவிடும். மங்கும் வடிவமும் காட்டிக்கொடுக்கும்: டேஷ்போர்டு மேல் வென்டுக்கு நேரே, கண்ணாடியின் அடியில் பிறை வடிவமாகத் தொடங்கி மேலே படர்ந்தால் அது ஏசி குளிர்ச்சியால் வரும் வெளிப்பக்க ஈரம். கதவுக் கண்ணாடியில், ஓரத்து வென்ட் ஊதும் இடத்தில் வட்டமாகப் படிவதும் அதேதான். பக்கக் கண்ணாடியில் வைப்பர் கிடையாது, சைடு மிரரும் சரியாக அந்த வட்டத்துக்குப் பின்னால்தான் இருக்கும்.

ஏசி என்ன செய்கிறது

ஏசியைக் குளிரூட்டும் கருவி என்று மட்டும் நினைப்பதால் பாதி குழப்பம். அது காற்றை உலர்த்தும் கருவியும்கூட. டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயில் பூஜ்யத்துக்குச் சில டிகிரி மேலே இருக்கும். காற்று அதன் வழியாகப் போகும்போது நீராவி அந்தக் காயிலிலேயே தண்ணீராகப் படிந்து, குழாய் வழியாகச் சாலையில் சொட்டிவிடும். 25 டிகிரியில் கன மீட்டருக்கு 20 கிராம் நீராவியோடு நுழைந்த காற்று, 8 கிராம் அளவோடுதான் வெளியே வருகிறது. அந்தக் காற்றின் பனிப்புள்ளியும் 8 டிகிரிக்குப் பக்கத்தில் வந்துவிடுவதால் எந்தக் கண்ணாடியிலும் அது ஈரமாகப் படியாது. ஏற்கெனவே படிந்ததையும் உறிஞ்சிவிடும்.

ஆகவே உள்பக்க ஈரத்துக்கு ஏசி மருந்து. வெளிப்பக்க ஈரத்துக்கு ஏசியே காரணம். எதிரெதிர் ஆலோசனைகள் எல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

ஒரு நுணுக்கம். ஏசி பட்டனை மட்டும் அணைத்துவிட்டு ப்ளோயரை ஓட விட்டால், காயிலில் தங்கியிருக்கும் தண்ணீர் ஆவியாகி அப்படியே முன் கண்ணாடிக்கு வரும். ஏசியை நிறுத்திய அரை நிமிடத்தில் கண்ணாடி திடீரென்று வெள்ளையாவது இதனால்தான். மழையில் ஓட்டும்போது 'குளிருகிறது' என்று பின்சீட்டிலிருந்து குரல் வந்தால் ஏசியை அணைப்பதைவிட வெப்ப அளவைக் கூட்டி வைப்பது நல்லது. அப்போது காற்று முதலில் காயிலில் உலர்ந்து, பிறகு ஹீட்டரில் வெதுவெதுப்பாகி வரும். பெரும்பாலான கார்களில் ஏசியும் ஹீட்டரும் சேர்ந்து ஓடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

என்ன செய்யலாம்

வெளிப்பக்கம் மங்கினால்:

1. முதலில் வைப்பர். உடனே தெளியும்.
2. முன் கண்ணாடிக்குப் போகும் காற்றை முகத்துக்கும் காலுக்கும் திருப்புங்கள். ஓரத்து வென்டைக் கதவுக் கண்ணாடியில் படாமல் உள்பக்கம் திருப்புங்கள்.
3. ஏசி வெப்ப அளவை இரண்டு மூன்று டிகிரி கூட்டுங்கள். கண்ணாடி பனிப்புள்ளிக்கு மேலே ஏறினால் போதும், ஏசியை நிறுத்த வேண்டியதில்லை.
4. பக்கக் கண்ணாடியை முழுக்க இறக்கி ஏற்றினால் கதவு விளிம்பு ரப்பர் ஓரளவு துடைத்துவிடும்.

உள்பக்கம் மங்கினால்:

1. ஏசியைப் போட்டு, காற்றை முன் கண்ணாடிக்கு அனுப்பும் பட்டனை அழுத்துங்கள். வளைந்த அம்புகள் மேலே போவதுபோல் படம் போட்டிருப்பது அது. பல கார்களில் இதை அழுத்தினாலே ஏசி தானாக ஓடும்.
2. உள்ளேயே சுற்றும் காற்றை நிறுத்தி வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள். ஐந்து பேரின் மூச்சு வெளியே போக வழி வேண்டும். தூக்கக் கலக்கமும் குறையும்.
3. ஏசி இல்லாத அல்லது கெட்டுப்போன வண்டியில், எதிரெதிர் கண்ணாடிகளை இரண்டு விரல் அளவு இறக்கி வைப்பதே வழி. நனைந்தாலும் பரவாயில்லை, பாதை தெரிய வேண்டும்.
4. பின் கண்ணாடியில் கோடு கோடாகத் தெரிவது மின்கம்பி. அதன் பட்டனைப் போட்டால் கண்ணாடி சூடாகி, கோடுகளை ஒட்டித் தெளிந்துகொண்டே வரும்.

மாஞ்சோலைக் குளிரில் ஹீட்டர் உதவும். சமவெளியில், 25 டிகிரி புழுக்கத்தில், குளிர்நாட்டு வீடியோவைப் பார்த்து ஹீட்டரைப் போட்டுக்கொண்டு வியர்ப்பதை என்னால் பரிந்துரைக்க முடியவில்லை.

இனி கண்ணாடியின் சுத்தம். ஈரம் படிந்தால் கண்ணாடி வெள்ளையாகத் தெரியக் காரணம், தண்ணீர் ஆயிரக்கணக்கான குட்டித் துளிகளாக நின்று வெளிச்சத்தைச் சிதறடிப்பது. அதே தண்ணீர் ஒரே படலமாகப் பரவினால் ஊடுருவிப் பார்த்துவிடலாம். கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தண்ணீர் பரவாமல் துளியாகவே நிற்கும். புதுக் காரில் டேஷ்போர்டு பிளாஸ்டிக் வெயிலில் வெளியிடும் ஆவியும் உள்கண்ணாடியில் இந்தப் பிசுக்கைப் பூசும். சோப்புக் கரைசலைத் துளி தொட்டுத் தேய்த்து, உலர்ந்த துணியால் மினுங்கும் வரை துடைத்தால் சில நாட்களுக்குத் துளிகள் சேராமல் படலமாகப் பரவும். பழைய லாரி டிரைவர்கள் மழைக்காலத்தில் வெளிக்கண்ணாடியில் புகையிலை தேய்ப்பதும் இந்த விளைவுக்காகத்தான்.

காலையில் நனைந்திருக்கும் காரை உலர்ந்த துணியால் உடனே தேய்க்க வேண்டாம். பனித்தண்ணீர் தெருத் தூசியைக் குழைத்து வைத்திருக்கும், தேய்த்தால் பெயின்டில் கீறல் விழும். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுத் துடையுங்கள். கவர் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: கவர் போட்டால் பனி காருக்குப் பதில் கவரின் மேல் படியும், அது நல்லதுதான். ஆனால் நனைந்த கவரை அப்படியே சுருட்டி டிக்கியில் போட்டால் அந்தத் தண்ணீர் முழுவதும் காருக்குள் ஆவியாகும்.

கோளாறு எது, கோளாறு இல்லாதது எது

ஏசி ஓடும்போது முன்சீட்டுக்கு அடியில் சொட்டும் தெளிந்த, வாசனை இல்லாத தண்ணீர் காயிலிலிருந்து வருவது. சொட்டாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்: குழாய் அடைத்து, தண்ணீர் காருக்குள் மிதியடி விரிப்பில் இறங்கிக்கொண்டிருக்கலாம். பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ, தொட்டால் பிசுபிசுவென்று சொட்டினால் அது கூலன்ட், மெக்கானிக்கிடம் போக வேண்டும். அதே கூலன்ட் ஹீட்டர் பகுதியில் கசிந்தால் உள்கண்ணாடியில் எண்ணெய் போன்ற படலமும் இனிப்பு வாடையும் வரும். இதை எவ்வளவு துடைத்தாலும் தீராது.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரிலிருந்து தண்ணீர் தெறிப்பது பயப்பட வேண்டியதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. குளிர்ந்த குழாயில் அது படிந்து சொட்டுகிறது. குழாய் சூடானதும் நின்றுவிடும்.

மழை இல்லாத நாளிலும், ஆள் ஏறாத நிலையிலும் தினமும் உள்பக்கமே மங்கினால் காருக்குள் எங்கோ தண்ணீர் தேங்கியிருக்கிறது. கதவு ரப்பர், கூரை ஜன்னல் வடிகால், ஏசிக் குழாய் இந்த மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் இன்னொரு காரணமும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் ஏராளமான வாகனங்கள் மூழ்கின. மூழ்கி எழுந்த காரை மேலோட்டமாகக் காயவைத்து விற்றிருந்தால், தரை விரிப்புக்கு அடியில் இருக்கும் தடித்த ஃபோமில் ஈரம் வெகுநாள் தங்கும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள், கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிப் பூட்டி ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்தச் சொல்லலாம். கதவைத் திறந்ததும் புழுங்கல் வாடை அடித்து, நிழலில் இருக்கும் கண்ணாடி உள்ளே வியர்த்திருந்தால் விரிப்பைத் தூக்கிக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு விலை பேசுவது நல்லது.

ஹெட்லைட் கண்ணாடிக்குள் மெல்லிய புகைபோல ஈரம் தெரிவது வேறு. வாட்டர் சர்வீஸ் செய்த பிறகோ மழைக்குப் பிறகோ வரும்; விளக்குக் கூட்டில் காற்று போய் வர வழி வைத்திருப்பதால் விளக்கை எரியவிட்டு ஓட்டினால் தானாக மறையும். துளித்துளியாக நின்றாலோ அடியில் தண்ணீர் தேங்கித் தளும்பினாலோ சீல் போய்விட்டது என்று பொருள். வாரண்டி இருக்கும் வண்டியானால் சர்வீஸ் சென்டரில் காட்டுவதற்குள் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வெயிலில் ஓட்டிப் போனால் ஈரம் மறைந்துவிடும்.